நாலு தக்பீருக்கு நடுவில்

— முடியாது குரே. நீ வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே எதுக்கு வந்திருக்கேன்னு தெரிஞ்சுபோச்சு. செத்த உன் பையனுக்கு நான் ஜனாஸா தொழ வைக்க மாட்டேன்.

— ஷேக் ஹிர்ஸி, நான் இன்னும் வாயே திறக்கல.

— திறக்க வேணாம். இந்த பெலெத்வெய்ன் ஊர்ல பதினோரு பள்ளிவாசல். பதினோரு இமாமும் ஒரே தாள்ல கையெழுத்துப் போட்டோம். கொல்லப் போன இடத்துல செத்தவன் யாரா இருந்தாலும் எங்கள்ல ஒருத்தரும் முன்னால நின்னு தொழ வைக்க மாட்டோம்னு. மிம்பர் மேடையில ஏறி அதைப் படிச்சதே நான்தான். நீயும் தூணுக்குப் பின்னால உக்காந்து கேட்டுக்கிட்டுதானே இருந்தே.

— கேட்டேன். அதனாலதான் தொழ வைங்கன்னு கேக்க வரல. எனக்குச் சொல்லிக் குடுங்க. நானே தொழுதுக்கிறேன்.

— நீயா?

— வேற யாரு இருக்கா.

— ஓதுற பள்ளியில மூணாவது மாசமே எழுதி ஓதுற பலகையை ஆத்துல மிதக்க விட்டுட்டு ஒட்டகம் மேய்க்கப் போனவன் நீ. போறவன் சும்மா போகாம என் பலகையையும் கூடவே ஆத்துல தள்ளிவிட்டே.

— உங்க பலகை கரை ஒதுங்கிடுச்சு, நீங்க ஷேக் ஆனீங்க. என்னுது போயே போச்சு.

— சிரிக்க வைக்காதே. இன்னிக்கு உன்னைப் பாத்துச் சிரிச்சா எனக்கே பொறுக்காது.

— சரி ஷேக்.

— அறுபதைத் தாண்டியாச்சு உனக்கு. எத்தனை ஜனாஸாவுல நின்னிருப்பே. இன்னுமா தெரியாது?

— எப்படித் தெரியும், சொல்லுங்க. விடியக்காலைத் தொழுகைன்னா நீங்க சத்தமா ஓதுவீங்க, காதுல விழும். ஜனாஸாவுல அப்படியா? அல்லாஹு அக்பர் நாலு தடவை கேக்கும், கடைசியில ஸலாம் கேக்கும். நடுவுல எல்லாத்தையும் மனசுக்குள்ளயே ஓதிக்கிறீங்க. நாப்பது வருஷமா பின்வரிசையில கையைக் கட்டிக்கிட்டு நின்னு அன்னிக்கு வித்த ஒட்டகத்தை நெனச்சுக்கிட்டிருந்தேன். முன்னால நிக்கிறவர் பாத்துக்குவார்னு இருந்துட்டேன். முன்னால ஆளே இல்லாம ஒரு நாள் வரும்னு யாரு கண்டா.

— மய்யித்து இப்போ எங்க இருக்கு?

— ஆஸ்பத்திரி பின்கட்டுல. நானே குளிப்பாட்டி கபன் துணி சுத்திட்டேன். மார்ல ரெண்டு ஓட்டை, கழுத்துல ஒண்ணு. பஞ்சு வச்சு அடைச்சேன். சூரியன் விழறதுக்குள்ள எடுக்கலைன்னா நாங்களே ஒரு குழியில போட்டு மூடிடுவோம்னு சர்க்கார் ஆளுங்க சொல்லிட்டாங்க.

— உங்க குலத்துப் பெரியவங்க என்ன சொல்றாங்க?

— நம்ம மையவாடியில அடக்க இடமில்லன்னுட்டாங்க. பாலத்துக்கு அந்தப் பக்கம், போன வெள்ளத்துல ஆறு அரிச்ச மேடு இருக்கே, அங்க வச்சுக்கோன்னாங்க. அண்ணன் தம்பி ஒருத்தனும் போனை எடுக்கல.

— எப்படி எடுப்பாங்க? நேத்துச் சாயங்காலம்தானே டிரியேவை அடக்கினோம். நானூறு பேர் மழைச் சேத்துல நின்னாங்க. அந்தப் போலீஸ்காரப் பிள்ளைக்கு இருபத்தாறு வயசு. பொண்டாட்டிக்கு ஏழாவது மாசம். உன் பையன் செக்போஸ்ட்ல துப்பாக்கியை உருவினப்போ டிரியே கையில டீ கிளாஸ் இருந்துச்சு குரே. துப்பாக்கி இல்ல, டீ கிளாஸ்.

— தெரியும். அந்த டீயைக் குடுத்தவ சொன்னா.

— உன் பையன் இடுப்புல கட்டியிருந்தது வெடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? நேத்துச் சந்தை நாள். பால் விக்கிற பொம்பளைங்களே அம்பது பேர் இருப்பாங்க. நீயும் அங்கதான் நின்னிருப்பே, துணிக்கடியில எவன் விரலையாவது பிடிச்சு ஒட்டகத்துக்கு விலை பேசிக்கிட்டு.

— நின்னுக்கிட்டுதான் இருந்தேன்.

— நேத்துமா போனே?

— போனேன். விலை ஒண்ணும் பேசல. சந்தை வாசல்லயே நின்னேன், பாதையைப் பாத்துக்கிட்டு.

— யாரோ ஒரு நல்ல மனுஷன் நேத்துக் காலையில போலீஸுக்குப் போன் போட்டிருக்கான். நீலச் சட்டை, வடக்குப் பாதைன்னு ரெண்டே வார்த்தை. பேரைக் கேட்டதும் வச்சுட்டானாம். போலீஸ் அதிகாரி என்கிட்ட வந்து சொன்னாரு. அந்த ஆள் வாயைத் திறக்கலைன்னா இன்னிக்கு நான் நூறு ஜனாஸா தொழ வச்சுக்கிட்டிருப்பேன். யாருன்னு தெரியாது, ஆனா நேத்துலேர்ந்து அவனுக்காகத்தான் துஆ கேக்குறேன். இந்த ஊர்ல என் பேச்சைக் கேட்டவன் அவன் ஒருத்தன்தான்.

— எம்பொண்டாட்டி டீக்கா அவனுக்குச் சாபம் விட்டுக்கிட்டிருக்கா. போன் போட்ட கை அழுகிப் போகணும்னு. விடிஞ்சதிலேர்ந்து அதே பேச்சு. வீட்டுல இருக்க முடியல ஷேக்.

— பெத்தவ. வேற என்ன செய்வா.

— அதான் நானும் ஒண்ணும் சொல்லல.

— உக்காரு, நின்னுக்கிட்டே இருக்கே. அந்த டீயைக் குடி. நான் போட்டது, அதனால நல்லா இருக்காது.

— வீட்டம்மா இன்னும் வரலையா?

— ஹார்கேய்ஸாவுல மக வீட்டுலதான் இருக்கா. அந்தத் தாளைப் படிச்சதுக்கு ஜன்னல் வழியா குண்டு வந்த அன்னிக்குக் கிளம்பினவ. மூணு வருஷம் ஆச்சு. நீங்களும் வாங்கன்னா. வர்றேன், அடுத்த மாசம் வர்றேன்னேன். இப்போ அவளும் கேக்கறதை விட்டுட்டா. முடி வெட்டுறவன் கூட, ஷேக் தயவு செஞ்சு என் கடைக்கு வராதீங்க, கண்ணாடி எல்லாம் புதுசுன்னு சொல்லி அனுப்பிட்டான். தாடியைப் பாரு, நானே வெட்டினது. ஆடு மேஞ்ச மாதிரி இருக்கு.

— கொஞ்சம் அப்படித்தான் இருக்கு.

— முன்னெல்லாம் இந்தப் பள்ளியில முதல் வரிசைக்கு முழங்கையால இடிச்சுக்குவாங்க. இப்போ வெள்ளிக்கிழமை வர்ற கொஞ்சப் பேரும் மூணாவது வரிசையிலேர்ந்துதான் நிக்கிறாங்க. எனக்குப் பின்னால ரெண்டு வரிசை காலி. என்னைச் சுடறவனுக்குக் குறி தப்பிடுமோன்னு பயம். முதல் வரிசையை நெரப்பாம பின்னால நிக்கக்கூடாதுன்னு இவங்களுக்குச் சொல்லிக் குடுத்தவனே நான்தான். இப்போ அதைச் சொல்ல எனக்கு வாய் வரல. வாங்க, வந்து செத்துப்போங்கன்னா கூப்பிட முடியும்?

— நானும் தூணுக்குப் பின்னாலதானே நின்னேன்.

— தெரியும். தூணை விட உன் வயிறு பெரிசு, ரெண்டு பக்கமும் தெரியும்.

— ஷேக், உங்களுக்கு எம்பிள்ளை லீபான் மேல ரொம்பக் கோபமா?

— கோபமா? என்கிட்ட ஓதின பிள்ளைகள்லயே அவன் குரல்தான் குரல். பன்னெண்டு வயசுல ரமலான் மாசம் அவனைப் பாங்கு சொல்ல விட்டேன். ஆத்துக்கு அந்தக் கரையில துணி துவைச்சவங்க எல்லாம் கையை நிறுத்திட்டாங்க. போன வருஷம் என் போனுக்கு ஒரு குரல் வந்துச்சு. ஹிர்ஸி மார்க்கத்தை விட்டுப் போயிட்டான், அவன் ரத்தம் ஆகுமானது, கொல்லலாம்னு. துணியை வாய்ல வச்சு, குரலை மாத்திப் பேசுறான். ஆனா நடுவுல ஒரு வசனம் ஓதினான். ஒவ்வொரு எழுத்தையும் தொண்டையில எங்கேர்ந்து எடுக்கணும்னு சொல்லிக் குடுத்தவன் நான். எனக்கா தெரியாது?

— யார்கிட்டயும் சொல்லலையே நீங்க. என்கிட்டக் கூட.

— உன்கிட்டச் சொல்லி என்ன செய்ய? உனக்கும் ஒரு நாள் தூக்கம் போகும், அவ்வளவுதான். அதுக்குப் பதிலா வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை மிம்பர்லேர்ந்து போலீஸ் நம்பரைச் சொன்னேன். சின்னப் பிள்ளைக்கு ஓதிக் குடுக்கிற மாதிரி எல்லாரையும் திருப்பிச் சொல்ல வச்சேன். துப்பாக்கி தூக்கிட்டுப் போன உங்க பிள்ளைங்க காட்டுலேர்ந்து வீட்டுக்கு வந்தா சொல்லுங்க, உயிரோட பிடிப்பாங்க, உயிரோட உங்க கையில குடுப்பாங்க, நான் பொறுப்புன்னேன். உன் பையனை நெனச்சுதான் சொன்னேன். எல்லாரும் செருப்பைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க.

— எனக்கு அந்த நம்பர் மனப்பாடம். ஒட்டகத் தரகனுக்கு நம்பர் மறக்காது.

— மனப்பாடமா இருந்து என்ன பண்ண? அவன் வீட்டுக்கு வந்தானா இல்லையா? உண்மையைச் சொல்லு.

— வந்தான். ஒன்றரை வருஷம் கழிச்சு வந்தான். ரெண்டு நாள் இருந்தான். இளைச்சுப் போயிருந்தான். அம்மாகிட்ட ஈரலும் ரொட்டியும் கேட்டு வாங்கித் தின்னான். அப்புறம் என் பக்கத்துல உக்காந்து காலை அமுக்கிவிட்டான். பிறந்ததிலேர்ந்து செய்யாதவன். அப்பவே எனக்கு விளங்கிடுச்சு.

— விளங்கியும் சும்மா இருந்தே.

— ரெண்டு நாள் இருந்தேன். காலை அமுக்கிக்கிட்டிருக்கிற பிள்ளையை...

— அந்த ரெண்டு நாள்ல ஒரு போன் போட்டிருந்தா டிரியே இன்னிக்கு உயிரோட இருப்பான். லீபானும் இருப்பான். வீட்டுல வெறுங்கையோட தூங்கினவனைப் பிடிச்சிருப்பாங்க, யாரும் யாரையும் சுட்டிருக்க வேண்டாம்.

— ஆமா ஷேக். அதைத்தான் நானும் நெனச்சுக்கிட்டே இருக்கேன்.

— கடுமையா பேசிட்டேன்.

— பேசுங்க. நேத்துலேர்ந்து டீக்காவைத் தவிர யாரும் என்கூடப் பேசல, அவளும் என்கிட்டப் பேசல, சுவத்துக்கிட்டப் பேசுறா. திட்டறதுக்காவது நீங்க இருக்கீங்க.

— எழுந்திரு. கிப்லா பக்கம் திரும்பு.

— சொல்லிக் குடுக்கறீங்களா?

— தாள்ல என்ன எழுதினோம்? நாங்க முன்னால நிக்க மாட்டோம்னு. தகப்பன் தொழக் கூடாதுன்னு எழுதல. ஒருத்தராவது தொழுதுட்டா ஊர் மொத்தத்துக்கும் கடமை தீர்ந்துடும். ஒருத்தரும் தொழலைன்னா ஊர் மொத்தத்துக்கும் பாவம்.

— அப்போ நான் ஒருத்தன் தொழுதா எல்லாருக்கும் தீர்ந்துடுமா? போனை எடுக்காதவங்களுக்கும்?

— அவங்களுக்கும்.

— உங்களுக்கும்?

— எனக்கும்தான். பேசாம கையைத் தூக்கு. அல்லாஹு அக்பர். இது முதல் தக்பீர். இப்போ கையைக் கட்டு. வலது கை மேல வரணும் குரே.

— இடது கைதான் முந்துது.

— உன்னைக் குரேன்னு ஊரே கூப்பிடறது அந்த இடது கைக்காகத்தானே. இன்னிக்கு ஒரு நாள் அது கீழ இருக்கட்டும். முதல் தக்பீருக்கு அப்புறம் ஃபாத்திஹா. அதாச்சும் வருமா?

— அது வரும்.

— ஓதினதும் ரெண்டாவது தக்பீர். நபி மேல ஸலவாத்து. அதுவும் உனக்குத் தெரிஞ்சதுதான், உக்காந்து ஓதுறதை இங்க நின்னு ஓதணும். குனியாதே. இதுல குனியறதே கிடையாது.

— உடம்பு தானா குனியுது.

— நாப்பது வருஷமா குனிஞ்சுக்கிட்டா இருந்தே?

— குனியப் போவேன். பக்கத்துல இருக்கிறவன் நிமிர்ந்து நிக்கிறதைப் பாத்துட்டு நானும் நிமிர்ந்துக்குவேன். இன்னிக்குப் பக்கத்துல பாக்க ஆளில்லையே, அதான் கேட்டுக்கறேன்.

— மூணாவது தக்பீர். இதுதான் மய்யித்துக்காகக் கேக்கிற துஆ. இதுக்காகத்தான் மத்ததெல்லாம்.

— சொல்லுங்க.

— இரு.

— தண்ணி தரட்டுமா?

— வேணாம். அல்லாஹும்மஃக்ஃபிர் லஹு. இறைவா, இவனை மன்னிச்சிடு. வர்ஹம்ஹு. இவன் மேல இரக்கப்படு. மூணு வருஷமா அந்தப் பசங்களுக்காக இந்த வார்த்தை என் வாய்ல வந்ததில்ல. உனக்குச் சொல்லிக் குடுக்கறேன்னு இப்போ வந்துடுச்சு.

— அரபு நாக்குல நிக்க மாட்டேங்குது. நம்ம பாஷையில கேட்டா ஏத்துக்குவானா?

— ஏத்துக்குவான்.

— டிரியே பேரையும் சேத்துக் கேக்கலாமா?

— அவனுக்கு நானூறு பேர் கேட்டாச்சே.

— நான் கேக்கலையே. நேத்து வந்தேன். வரிசையில நிக்கக் கால் வரல, வேலியோரமா ஒட்டகம் கட்டுற மரத்தடியிலயே நின்னுட்டேன்.

— சேத்துக்கோ. நாலாவது தக்பீர் சொல்லி, கொஞ்சம் நில்லு. அப்புறம் வலப்பக்கம் ஒரு ஸலாம், இடப்பக்கம் ஒரு ஸலாம். முடிஞ்சது.

— ஸலாம் பக்கத்துல நிக்கிறவங்களுக்குத்தானே?

— அவங்களுக்கும், வானத்து மலக்குகளுக்கும்.

— பக்கத்துல யாரும் இல்லைன்னா?

— மலக்குகளுக்கு.

— சரி. நாலு தக்பீர், குனியக்கூடாது, வலது கை மேல. நான் வர்றேன் ஷேக். வெயில் தூண் வரைக்கும் வந்துடுச்சு.

— மேட்டுக்கு எப்படிக் கொண்டு போறே?

— ஒரு கழுதை வண்டிக்காரன் ஒத்துக்கிட்டான். ஆஸ்பத்திரி காவக்காரனும் வர்றான். குழியில இறக்கித் தருவாங்க. தொழுகைக்கு மட்டும் நிக்க மாட்டாங்களாம், வண்டிக்கிட்டயே இருந்துக்குவோம், முடிச்சுட்டுக் கூப்பிடுன்னாங்க.

— இரு குரே. நானும் வர்றேன்.

— எங்க?

— முன்னால நிக்க மாட்டேன். நீ முன்னால நில்லு, நான் உனக்குப் பின்னால நிக்கிறேன். பின்னால நிக்க மாட்டோம்னு நாங்க யாரும் கையெழுத்துப் போடல. எனக்கும் காலி வரிசையாப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு. இன்னிக்கு ஒருத்தனுக்காவது நான் வரிசையா இருந்துட்டு வர்றேன். நீ குனியப் போனா பின்னாலேர்ந்து இருமறேன்.

— வேணாம் ஷேக்.

— உங்க பெரியவங்க ஏதாவது சொல்வாங்கன்னு பயப்படுறியா?

— அதுக்கில்ல. நீங்க பாலம் தாண்டினா ஊரே பாக்கும். ஷேக் ஹிர்ஸி அந்தப் பையனுக்குத் தொழுதுட்டாருன்னுதான் நாளைக்குப் பேச்சு. முன்னால நின்னாரா பின்னால நின்னாரான்னு எவன் கேக்கப் போறான்.

— பேசிட்டுப் போகட்டும். ஒரு தகப்பனைத் தன்னந்தனியா அந்த மேட்டுக்கு அனுப்பிட்டு நான் இங்க உக்காந்து என்ன செய்ய?

— நேத்துக் காலையில ரெண்டு தடவை நம்பரை அழுத்திட்டு வச்சுட்டேன். மூணாவது தடவை பேசினேன். நீலச் சட்டை, வடக்குப் பாதைன்னேன். பேரைக் கேட்டாங்க. பிள்ளை பேரா, என் பேரான்னு விளங்கல, வச்சுட்டேன்.

— குரே.

— அப்புறம் சந்தை வாசல்ல போய் நின்னேன். அவங்க விட்டுட்டாங்கன்னா என்னைத் தாண்டித்தானே உள்ளே போகணும்.

— யா அல்லாஹ். உக்காரு. கொஞ்ச நேரம் உக்காரு.

— நேரமில்ல ஷேக். உயிரோட பிடிப்பாங்கன்னு சொன்னீங்க, அது நடக்கல. உங்க மேல கோபமில்ல, துப்பாக்கியை எடுத்தது அவன்தான். ஆனா நீங்க சொன்னதுல மிச்சம் இருக்கிறது இந்த ஒண்ணுதான், தொழ மாட்டேன்னு சொன்னது. அந்த வாயை நம்பித்தான் எம்பிள்ளையைக் குடுத்தேன். எனக்காக இரக்கப்பட்டு இன்னிக்கு அதையும் மாத்திட்டீங்கன்னா, நாளைக்கு வேற ஒரு வீட்டுல ஒரு பிள்ளை வந்து அப்பன் காலை அமுக்குவான், அந்த அப்பன் உங்க வாயை நம்பிப் போனைக் கையில எடுக்க மாட்டான். நீங்க வராதீங்க. நான் போனதும் கதவைச் சாத்திக்குங்க. வலது கைதானே மேல?